பழைய பனிவண்டிகள்: எது எந்த வண்டி என்று கண்டுபிடிப்பது எப்படி?

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் உள்ள கேன்டர்பரி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ‘ஏபிள்’ என்ற ஆரஞ்சு நிற வண்டி ஒன்று உண்டு. 1957-58இல் அன்டார்க்டிகாவைக் குறுக்கே கடந்து வந்த வண்டி. அதன் பெயர் ஸ்னோ-கேட். அமெரிக்க, ஐரோப்பிய மலைகளில் பனிச்சறுக்குத் தளங்களை இரவோடு இரவாகச் சமன்செய்யும் இன்றைய இயந்திரத்தையும் ஸ்னோகேட் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டும் வேறு. 1955ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றில் ‘ஸ்னோமொபைலில் சுற்றுலாப் பயணிகள் சென்றார்கள்’ என்று இருந்தால், அது இன்று நாம் படங்களில் பார்க்கும் பைக் போன்ற வண்டியும் அல்ல. பன்னிரண்டு பேர் உட்காரும் மூடிய மரக்கூண்டு அது.

பழைய பயணப் படங்களிலும் ஏல விளம்பரங்களிலும் இந்தப் பெயர்கள் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. படத்தின் கீழே ஒரு பெயர், படத்தில் வேறொரு வண்டி. இவற்றைப் பிரித்தறிய இயந்திரப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். மாடு வாங்குகிறவர் கொம்பின் வர்ணத்தைப் பார்த்து ஏமாறமாட்டார், பல்லைப் பிடித்துத்தான் பார்ப்பார். பனிவண்டிக்குப் பல் அதன் அடிப்பாகத்தில் இருக்கிறது.

முதலில், இந்த வண்டிகள் ஏன் இப்படி இருக்கின்றன?

புதிதாக விழுந்த பனி பஞ்சு மாதிரி. எவ்வளவு எடை என்பதைவிட அந்த எடை எவ்வளவு இடத்தில் பரவுகிறது என்பதுதான் அங்கே முக்கியம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது, பாதத்தின் பரப்பு சுமார் 170 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 0.4 கிலோ அழுத்துகிறது. கார் டயரின் அழுத்தம் இதைப்போலப் பல மடங்கு. இரண்டாம் உலகப்போர்க் காலத்து வீசல் என்ற பனிவண்டி ஏறத்தாழ 2 டன் எடை கொண்டது. ஆனால் அது பனியின் மேல் தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.13 கிலோதான். மனிதன் முழங்கால்வரை புதையும் இடத்தில் இந்த இரும்புப் பெட்டி மேலோட்டமாகப் போய்விடும்.

அந்த வித்தையைச் செய்வது பட்டை. நம் ஊர்ப் பொக்லைன் இயந்திரத்தின் அடியில் ஓடுமே செயின், அதே தத்துவம்தான். வண்டி தனக்குத்தானே பாதை விரித்து, அதன் மேல் ஓடி, பின்னால் சுருட்டி எடுத்துக்கொள்கிறது. ஆனால் பொக்லைனின் கனத்த இரும்புச் செயினைப் பனியில் போட்டால் எடையே வண்டியைப் புதைத்துவிடும். அகலமாக இருக்க வேண்டும், அதேசமயம் இலேசாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு தயாரிப்பாளரும் இந்த முடிச்சை அவரவர் வழியில் அவிழ்த்தார்கள். அப்படிப் பிறந்த வித்தியாசங்களைத்தான் இன்றைக்கு நாம் அடையாளமாகப் பிடித்துக்கொள்கிறோம்.

அடுத்த சிக்கல் திரும்புவது. பட்டை நேராக ஓடத்தான் விரும்பும். அதைத் திருப்ப நான்கு வழிகள் கையாளப்பட்டன: முன்னால் சறுக்குக் கட்டை வைத்து அதைத் திருப்புவது, ஒரு பக்கப் பட்டையின் வேகத்தைப் பிரேக் பிடித்துக் குறைப்பது, பட்டைகளை அச்சோடு சேர்த்தே திருப்புவது, இரு பக்கங்களுக்கும் வெவ்வேறு வேகம் தரும் பெல்ட் ஏற்பாடு. எந்த வண்டி எந்த வழியில் திரும்புகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பெயர்களில் உள்ள சிக்கல்

‘ஸ்னோ-கேட்’ என்பது அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மெட்ஃபர்ட் நகரில் இயங்கும் டக்கர் நிறுவனத்தின் வணிகப் பெயர். ஜெராக்ஸ், டால்டா போல அது பொதுச்சொல்லாகப் பரவிவிட்டது. எனவே பழைய ஆவணத்தில் இந்தப் பெயர் வந்தால் எழுதியவர் டக்கர் வண்டியைத்தான் சொல்கிறாரா, ஏதோ ஒரு பட்டை வண்டியைச் சொல்கிறாரா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

‘ஸ்னோமொபைல்’ என்ற சொல்லுக்கு வேறு வரலாறு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஃபோர்டு கார் விற்பனையாளராக இருந்த வர்ஜில் வைட், மாடல் டி காரின் முன்சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டையும் பின்பக்கம் கூடுதல் அச்சும் பட்டையும் பொருத்தும் உபகரணத்துக்கு 1917இல் காப்புரிமை பெற்றார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் ஸ்னோமொபைல். பிறகு அந்தச் சொல் கனடாவின் மூடிய பயணிகள் வண்டிக்குப் போனது. 1959இல் ஸ்கீ-டூ வந்த பிறகு, ஒருவர் இருவர் கால் பரப்பி உட்காரும் சிறு வண்டிக்குத் தாவி அங்கேயே நிலைத்துவிட்டது. ஒரே சொல், 1925இல் கார், 1948இல் பஸ், 1968இல் பைக். ஆண்டு தெரியாமல் இந்தச் சொல்லை நம்பக் கூடாது.

எந்த வரிசையில் பார்ப்பது?

1. பட்டைகளை எண்ணுங்கள். இரண்டா, நான்கா? முன்னால் சறுக்குக் கட்டை உண்டா?

2. பட்டைக்குள்ளே எட்டிப் பாருங்கள். பெரிய காற்றடைத்த டயர்கள் இருக்கின்றனவா, வரிசையாகச் சின்னஞ்சிறு உருளைச் சக்கரங்களா, அல்லது சக்கரமே தெரியாமல் படகு போன்ற ஒரு கூடா?

3. ஓட்டுநர் இருக்கையில் என்ன இருக்கிறது? ஸ்டியரிங் வளையமா, இரண்டு நெம்புகோல்களா?

4. என்ஜின் எங்கே? முன்னாலா, ஓட்டுநருக்குப் பக்கத்திலா, பின்னாலா? எந்த என்ஜின் என்று கேட்காதீர்கள், எந்த இடத்தில் என்று கேளுங்கள். என்ஜினை மாற்றியிருப்பார்கள், அது உட்காரும் இடத்தை மாற்றுவது கடினம்.

5. கடைசியாகத்தான் கூண்டின் வடிவம், ஜன்னல், தயாரிப்பாளரின் தகடு. வர்ணம் கணக்கிலேயே இல்லை.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. குளிர் நாட்டில் ஐம்பது அறுபது ஆண்டு உழைத்த வண்டியின் மேல்பாகம் பலமுறை வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். அடிப்பாகத்தில் கைவைக்க எல்லோருக்கும் துணிச்சல் வராது.

நான்கு கால் பூனை: டக்கர்

நான்கு மூலையிலும் தனித்தனிப் பட்டை இருந்தால் முதலில் நினைவுக்கு வரவேண்டிய பெயர் டக்கர். நிறுவனர் எம்மிட் டக்கர் ஒரிகன் மாநிலத்துக்காரர். அவருடைய வண்டியில் பட்டைக்குள் சக்கரங்களைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். உள்ளே இருப்பது பாண்டூன் என்ற கூடு. சிறிய படகைக் கவிழ்க்காமல் அப்படியே வைத்ததுபோல முன்னும் பின்னும் தூக்கிய மூக்கோடு இருக்கும். இரும்புக் குறுக்குச் சட்டங்கள் கொண்ட பட்டை, உருளைகளின் உதவியால் இந்தக் கூட்டைச் சுற்றி ஓடுகிறது. ஓட்டும் பல்சக்கரம் கூட்டின் நடுவில், அச்சு வந்து சேரும் இடத்தில்.

கூடு அந்த அச்சில் ஊஞ்சல்போல ஆடும். தரை மேடானால் மூக்கு மேலே போகும். பள்ளமானால் கீழே தொங்கும். நான்கும் தனித்தனியாக. அன்டார்க்டிகப் பயணத்தில் ஸ்னோ-கேட் ஒன்று பனிப்பிளவின் இரு கரைகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் புகழ்பெற்ற படங்களை உற்றுப்பாருங்கள். ஒரு பட்டை வானத்தைப் பார்க்கிறது, இன்னொன்று பள்ளத்தை நோக்கித் தொங்குகிறது, கூண்டு மட்டும் பாலம்போல நடுவில் கிடக்கிறது. டக்கரை அடையாளம் காண இதைவிட நல்ல பாடப்படம் கிடையாது. இரட்டைப் பட்டை வண்டி எதுவும் அந்தக் கோலத்தில் நிற்க முடியாது, தலைகுப்புறப் போயிருக்கும்.

திரும்பும் விதமும் தனி. முன் அச்சு ஒரு பக்கம் திரும்ப, பின் அச்சு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. பின்பட்டைகள் முன்பட்டைகள் போட்ட தடத்திலேயே வரும். எந்தப் பட்டையையும் நிறுத்திப் பிடிக்க வேண்டியதில்லை என்பதால் வளைவிலும் நான்கும் இழுத்துக்கொண்டே இருக்கும். பனியைக் கிளறாமல் திரும்பும் வண்டி என்பதால்தான் மென்பனியில் இதற்கு மவுசு.

டக்கர் எல்லாமே நான்கு பட்டை அல்ல என்பது பலரும் தடுமாறும் இடம். பின்னால் இரண்டு பட்டை, முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை வைத்த டக்கர்களும் வந்திருக்கின்றன. இங்கே மாடல் எண் கைகொடுக்கும். பழைய மூன்று இலக்க மாடல்களில் நடு இலக்கம் பட்டைகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறது: 323 என்றால் இரண்டு, 443 என்றால் நான்கு, 743 என்றால் நான்கு. பிறகு வந்த நான்கு இலக்க எண்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அன்டார்க்டிகாவைக் கடந்த நான்கும் கிரைஸ்லர் வி-8 என்ஜின் பொருத்திய 743 வகை.

பிற்கால டக்கர்களில் இரும்புப் பட்டைக்குப் பதில் ரப்பர் வந்துவிட்டது. ஆனால் நான்கு மூலை, ஊஞ்சலாடும் பட்டை, இரண்டு அச்சும் திரும்புவது ஆகிய மூன்றும் மாறவில்லை.

வட்ட ஜன்னல்: பம்பார்டியர்

டெல்லி மெட்ரோ ரயில் பெட்டிகளின் தயாரிப்பாளராக நம்மில் சிலர் கேள்விப்பட்ட பம்பார்டியர் என்ற பெயரின் வேர், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிற்றூரின் மோட்டார் பட்டறையில் இருக்கிறது. ஜோசஃப்-ஆர்மாண்ட் பம்பார்டியர் பதினைந்து வயதிலேயே, 1922இல், பழைய ஃபோர்டு என்ஜினையும் விசிறியையும் சறுக்கு வண்டியில் கட்டி ஓட்டிப் பார்த்தவர். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் குடல்வால் வீக்கத்தால் இறந்துபோனான். பனி மூடிய சாலைகளைத் தாண்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. அந்த ஊர்களில் குளிர்காலம் என்றால் கார்களைக் கொட்டகையில் போட்டுவிட்டுக் குதிரை வண்டிக்குத் திரும்புவதுதான் வழக்கம்.

ரப்பர் பூசிய பல்சக்கரமும், இரும்புக் குறுக்குக் கம்பிகளால் இணைத்த ரப்பர் பெல்ட்டும் சேர்ந்த பட்டைதான் அவருடைய கண்டுபிடிப்பு. 1937இல் காப்புரிமை கிடைத்தது. முதலில் வந்தது ஏழு பேர் உட்காரும் பி-7. 1942இல் நிறுவனம் முறையாகப் பதிவானது. அதே காலத்தில் பன்னிரண்டு பேருக்கான பி-12 வந்தது. எழுத்துக்குப் பின்னுள்ள எண் பயணிகளின் எண்ணிக்கை. இவ்வளவு நேர்மையான மாடல் எண் வாகன உலகில் அபூர்வம்.

பி-12ஐத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். பக்கவாட்டில் கப்பலில் இருப்பதுபோல வரிசையாக வட்ட ஜன்னல்கள். மூக்கு சரிந்து இறங்கும். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்பாதியில் இரண்டு நீளப் பட்டைகள். பட்டைக்குள் பெரிய டயர் சக்கரங்கள். உடம்பு வளைத்துச் செய்த பிளைவுட். என்ஜின் பின்னால். உள்ளே சுவரோரம் இருக்கைகள். பி-7 இதைவிடச் சிறியது, அதில் வட்ட ஜன்னல் வரிசை கிடையாது. 1930களின் காரைக் கொஞ்சம் நீட்டியதுபோலத் தெரியும். சி-18 இதே குடும்பத்தின் நீண்ட உருப்படி, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல ஓடியது. டாக்டர், தபால், பால், பிள்ளைகள், சவப்பெட்டி எல்லாம் இந்த மரக்கூண்டில்தான் போய்வந்தன.

1948இல் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனியை அகற்றத் தொடங்கியதும் விற்பனை சரிந்தது. சாலை திறந்துவிட்டால் பனிவண்டி எதற்கு? பம்பார்டியர் பயணிகளை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போனார். 1953இல் வந்த மஸ்கெக் டிராக்டர் அந்த மாற்றத்தின் விளைவு. மஸ்கெக் என்றால் கனடாவின் பூர்வகுடி மொழியில் சதுப்பு நிலம். அதில் சறுக்குக் கட்டை கிடையாது, வட்ட ஜன்னல் கிடையாது. முன்னால் சிறிய ஓட்டுநர் அறை, பின்னால் சுமை ஏற்றும் திறந்த தட்டு, இரு பக்கமும் முழுநீளப் பட்டை. பம்பார்டியர் என்றாலே பி-12 என்று நினைத்துக்கொண்டிருப்பவர் மஸ்கெக்கைப் பார்த்து வேறு நிறுவனம் என்றுதான் சொல்வார். பட்டைக்குள் பாருங்கள்: அதே டயர் சக்கரங்கள், அதே ரப்பர் பெல்ட், அதே இரும்புக் குறுக்குக் கம்பி.

பி-12 இன்னும் சாகவில்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1955 குளிர்காலத்தில் சுற்றுலாவுக்கு வந்த இந்த வண்டிகள், மஞ்சள் பூசிக்கொண்டு பல பத்தாண்டுகள் ஓடின. கனடாவின் வின்னிபெக் ஏரியில் உறைந்த நீரின் மேல் மீன்பிடிக்கப் போகிறவர்கள் இன்றும் இவற்றைப் பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள். அருங்காட்சியகப் பொருள் ஓர் ஊரில். மீன்கூடை சுமக்கும் வண்டி இன்னோர் ஊரில்.

போர் பெற்ற பிள்ளை: வீசல்

ஜெர்மனி பிடித்துவைத்திருந்த நார்வேயில் பனிமலை வழியாகச் சிறு படையை இறக்கித் தாக்குவது என்ற திட்டத்தைப் பிரிட்டனில் ஜெஃப்ரி பைக் என்பவர் முன்வைத்தார். திட்டம் கைவிடப்பட்டது, அதற்காக உருவான வண்டி மட்டும் மிஞ்சியது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்டில் இருந்த ஸ்டூடிபேக்கர் கார் நிறுவனம் அதைத் தயாரித்தது. செல்லப்பெயர் வீசல், கீரியைப்போலத் தோற்றமளிக்கும் ஒரு சிறு பிராணி.

மூன்று வகைகள் உண்டு.

1. எம்-28. முதலில் வந்தது. என்ஜின் பின்னால். சில நூறு மட்டுமே செய்யப்பட்டன. நிஜமாகவே ஒன்றைக் கண்டுவிட்டால் அது அதிர்ஷ்டம்.

2. எம்-29. என்ஜின் முன்பக்கம் வலப்புறம் வந்துவிட்டது. ஓட்டுநர் அதற்குப் பக்கத்தில் இடப்புறம் உட்காருகிறார். இயக்கும் பல்சக்கரம் பின்னால்.

3. எம்-29சி. அதே வண்டி, தண்ணீரில் மிதப்பதற்கான ஏற்பாட்டோடு. முன்னும் பின்னும் காற்றறைப் பெட்டிகள், பக்கவாட்டில் பட்டையின் மேல்பகுதியை மூடும் தகடுகள், பின்னால் இரண்டு சுக்கான்கள். எம்-29, எம்-29சி இரண்டும் சேர்ந்து சுமார் 15,000 தயாராயின. அதில் பெரும்பகுதி மிதக்கும் வகை.

எல்லா வகைக்கும் பொதுவான அடையாளம் பட்டைக்குள் இருக்கிறது. டயர் அளவு சக்கரம் எதுவும் கிடையாது. உள்ளங்கை அகலச் சிறு சக்கரங்கள் கீழே வரிசையாக எட்டு தெரியும். மரவட்டையைப் பக்கவாட்டில் பார்த்ததுபோல இருக்கும். திருப்புவதற்கு ஸ்டியரிங் வளையம் இல்லை, இரண்டு நெம்புகோல்கள்.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட வீசல்கள் மலிவாகக் கிடைத்தன. போல்-எமில் விக்டர் தலைமையிலான பிரெஞ்சுக் குழு கிரீன்லாந்துக்குக் கொண்டுபோனது. நார்வே-பிரிட்டிஷ்-ஸ்வீடிஷ் கூட்டுக் குழு 1949-52இல் அன்டார்க்டிகாவில் பயன்படுத்தியது. 1951 பிப்ரவரியில் அந்தக் குழுவின் வீசல் ஒன்று மூடுபனியில் பனிவிளிம்பைத் தாண்டிக் கடலில் விழுந்து மூவர் மூழ்கி இறந்தார்கள். ஒருவர் மட்டும் நீந்திப் பிழைத்தார்.

வீசலில் அடிக்கடி நேரும் தவறு, எம்-29சியை எம்-29 என்று எழுதிவிடுவது. தண்ணீரில் இறக்கும் எண்ணமில்லாத உரிமையாளருக்கு முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றறைகள் வெறும் இடைஞ்சல். கழற்றி எறிந்துவிட்டிருப்பார். பிறகு அது எம்-29 போலத்தான் இருக்கும். அவை பொருந்தியிருந்த இடத்தின் போல்ட் துளைகளையும், ஓட்டுநர் முன்னுள்ள தகட்டையும் பார்த்த பிறகே தீர்ப்பு சொல்ல வேண்டும்.

மூன்று பெயரில் ஒரே வண்டி: தயோகால்

ராக்கெட் எரிபொருள் செய்த நிறுவனம் பனிவண்டியும் செய்தது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் திட எரிபொருள் ராக்கெட்டுகளைத் தயாரித்த அதே தயோகால், யூட்டா மாநிலத்தில் லோகன் நகரில் பனிவண்டிப் பிரிவை நடத்தியது. ஸ்ப்ரைட், இம்ப் என்பவை அதன் புகழ்பெற்ற மாடல்கள். இம்ப் சிறியது, ஸ்ப்ரைட் பெரியது. இரண்டிலும் பட்டை இரண்டு, உள்ளே டயர் சக்கரங்கள், திருப்ப நெம்புகோல். பிரேக் பிடித்த பக்கத்துப் பட்டை மெதுவாக, எதிர்ப்பக்கம் வேகமாகச் சுற்றும்படி பண்ணும் டிஃபரன்ஷியலில் ஓசி-4, ஓசி-12 போன்ற எண்கள் இருந்தால் குழம்ப வேண்டாம். அது ஆலிவர் நிறுவனத்தின் டிராக்டர்களிலிருந்து எடுத்த பாகம், வண்டியின் மாடல் எண் அல்ல.

1978இல் இந்தப் பிரிவை ஜான் டிலோரியன் வாங்கினார். கதவு மேல்நோக்கித் திறக்கும் எஃகு நிறக் காரைச் செய்த அதே டிலோரியன். வண்டிகளில் டிஎம்சி என்ற எழுத்து ஏறியது. பிறகு கைமாறி எல்எம்சி ஆனது. 2000இல் தயாரிப்பு நின்றது. ஆகவே தகட்டில் தயோகால், டிஎம்சி, எல்எம்சி என்று எது இருந்தாலும் வண்டி ஒரே பரம்பரைதான். தகடு சொல்வது அது பிறந்த காலத்தை மட்டும்.

இன்னும் சில

ஸ்வீடனின் ஸ்னோ டிராக் சிறிய வண்டி. 1957 முதல் 1981 வரை இரண்டாயிரத்துச் சொச்சம் செய்யப்பட்டன. இரண்டு பட்டை வண்டியில் நெம்புகோலுக்குப் பதில் ஸ்டியரிங் வளையம் இருந்து, காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வாகன் என்ஜினின் படபடப்பும் கேட்டால் வேறு யோசனையே வேண்டாம். வளையத்தைத் திருப்பினால் உள்ளே இருக்கும் பெல்ட் ஏற்பாடு ஒரு பக்கத்தை வேகப்படுத்தி மறுபக்கத்தைத் தளர்த்துகிறது.

இவை எல்லாவற்றுக்கும் முந்தியது கெக்ரெஸ். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலசின் கார் கொட்டகையைக் கவனித்துக்கொண்ட பிரெஞ்சுக்காரர் அடோல்ஃப் கெக்ரெஸ், அரச கார்களின் பின்சக்கரங்களைக் கழற்றி ரப்பர் பட்டை மாட்டினார். பேரரசர் போனார், பட்டை நிலைத்தது. லெனின் பயன்படுத்திய ரோல்ஸ்-ராய்ஸிலும் அதே பட்டை ஏறியது. அந்தக் கார் மாஸ்கோவுக்கு அருகே கோர்கி லெனின்ஸ்கியே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்பாதி சொகுசுக் கார், பின்பாதி பட்டை என்றால் கெக்ரெஸை நினையுங்கள்.

ஏமாற்றும் அடையாளங்கள்

1. என்ஜின். பி-12க்குள் நவீன என்ஜின் இருப்பது சகஜம். என்ஜினின் ஆண்டைப் பார்த்து வண்டியின் வயதைச் சொன்னால் முப்பது நாற்பது ஆண்டு தவறிவிடும்.

2. முன்சக்கரம். பி-12இன் சறுக்குக் கட்டைகளைக் கழற்றிவிட்டுச் சக்கரம் மாட்ட முடியும். பனி உருகும் காலத்துப் படத்தில் முன்சக்கரத்தோடு நிற்கும் வண்டியை ராணுவ அரைப்பட்டை வாகனம் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

3. கூண்டு. வீசல் பிறந்தபோது திறந்த வண்டி, மேலே துணிதான். மின்வாரியக்காரரோ மலை விடுதிக்காரரோ அதன்மேல் பலகைக் கூண்டு கட்டியிருந்தால் முகமே மாறிவிடும்.

4. மாட்டிய பட்டை. எல்லாப் பட்டை வண்டியும் பட்டை வண்டியாகப் பிறந்ததல்ல. உழவு டிராக்டரின் முன், பின் சக்கரங்களைச் சேர்த்துப் பட்டை சுற்றிவிட்டாலும் அது டிராக்டர்தான்.

மாறிப்போனால் என்ன நஷ்டம்?

சேகரிப்பவருக்கு முதல் அடி உதிரிபாகத்தில் விழும். பட்டையின் அகலமும் பல்சக்கரத்தின் பல் இடைவெளியும் ஒத்துப்போகாவிட்டால் பட்டை கழன்றுவிடும் அல்லது பல் தேயும். வீசலிலேயே ஆரம்பகாலப் பட்டை 15 அங்குலம், பிறகு வந்தது 20 அங்குலம். ‘வீசல் பட்டை’ என்று மட்டும் சொல்லி வாங்கியவர் பாதிப் பணத்தைத் தொலைத்திருப்பார். ஏலத்தில் மாடல் மாறினால் விலையும் மாறும். வரலாறு எழுதுகிறவருக்கோ சங்கடம் வேறு: எந்த வண்டி எங்கே நின்றுபோனது, எது போய்ச்சேர்ந்தது என்பதே சில பயணங்களின் கதை.

ஒரு பயணத்தில் எல்லோரும்

அப்படிப்பட்ட பயணம்தான் விவியன் ஃபுக்ஸ் தலைமையில் நடந்த அன்டார்க்டிகக் கடப்பு. 1957 நவம்பர் 24இல் வெட்டெல் கடல் பக்கமிருந்து கிளம்பி, 99 நாளில் 3,473 கிலோமீட்டர் கடந்து, 1958 மார்ச் 2இல் ஸ்காட் தளத்தை அடைந்தார்கள். அந்தப் படங்களை இப்போது எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

நான்கு மூலையில் நான்கு பட்டையோடு, ஆரஞ்சு நிறத்தில் உயரமாக நிற்பவை டக்கர் 743. தாழ்வான உடம்பும் அடியில் சிறு சக்கர வரிசையும் கொண்டவை வீசல்கள். திறந்த தட்டும் டயர் சக்கரம் ஓடும் ரப்பர் பட்டையுமாக ஒன்று மட்டும் தனியாக நிற்கும். அது மஸ்கெக், குழுவினர் அதற்கு ஹாப்பலாங் என்று பெயர் வைத்திருந்தார்கள். வீசல்களும் மஸ்கெக்கும் வழியில் கைவிடப்பட்டன. நான்கு டக்கர் மட்டுமே மறுகரை சேர்ந்தன. எனவே ஸ்காட் தளத்தில் முடிவு நாளில் எடுத்தது என்று காட்டப்படும் படத்தில் ஃபுக்ஸ் குழுவின் வண்டியாக வீசல் நின்றால் தேதி தவறு.

தென்துருவப் படங்களில் சக்கரங்களைச் சுற்றிப் பட்டை மாட்டிய, கூரை பேருக்கு மட்டும் இருக்கும் சிறு வண்டிகள் மூன்றும் வரும். அவை பனிவண்டிகளே அல்ல. எதிர்த்திசையிலிருந்து வந்து, ஃபுக்ஸுக்கு இரண்டு வாரம் முன்பாக, ஜனவரி 4ஆம் தேதியே எட்மண்ட் ஹிலாரி அங்கே ஓட்டிவந்து நிறுத்திய ஃபெர்குசன் உழவு டிராக்டர்கள்.